காவலில் இருந்த போன்

காலையில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வாசலில் நின்றதும் சோலைச்சாமிக்குக் கை பத்தாது. ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் பட்டாசு ஆலை அது. வேலைக்குப் போகிற பெண்கள் தீப்பெட்டி, ஆணி அடித்த செருப்பு, போன் எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். வெடிமருந்துக்குப் பக்கத்தில் ஒரு பொறிகூட ஆகாது. ஷெட்டு வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தையும் இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். போன்களை வாங்கி, தபால் ஆபீஸ் மாதிரி குழி குழியாக அடித்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது சோலைச்சாமியின் வேலை.

அதற்கு முன்னால் அவர் மினி பஸ் கண்டக்டர். இருபது வருஷத்துக்கு மேல் விருதுநகர் ரூட்டில் ஓடினார். ஆலை வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் பஸ்ஸைக் காலி செய்தன. முதலாளி பஸ்ஸை விற்றார். அதே வேன்கள் வந்து நிற்கிற வாசலுக்குச் சோலைச்சாமி காவலுக்கு வந்தார். ஆலைக்காரர்கள் நம்பர் போட்ட டோக்கன் கொடுத்தார்கள். அதை மேஜை டிராயரில் போட்டதோடு சரி. யார் எந்த ஊரில் இறங்குவார் என்று முகத்தைப் பார்த்தே டிக்கெட் கிழித்தவருக்கு, எந்தப் போன் யாருடையது என்று தெரிய டோக்கன் எதற்கு?

ஆரம்பத்தில் வருகிற அழைப்புக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார், வீட்டுச் சாவி எங்கே. கேட்டு வைத்திருந்து டீ நேரத்தில் சொல்லிவிடுவார். பிறகு எல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்துச் செய்தி, ரேஷன் கடைச் செய்தி என்று போனைத் திறந்தால்தான் தெரியும் என்று ஆனது. "அண்ணாச்சி, என் பூட்டு இப்படி" என்று காற்றிலே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். இருபது பேர் பூட்டு அவருக்கு மனப்பாடம். புருஷனுக்குக் காட்டாத பூட்டை வாசல் காவல்காரருக்குக் காட்டுகிறோமே என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். சொன்னதைத் தவிர வேறு எதையும் அவர் தொட்டதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த இருபது பேரில் செல்லத்தாயும் ஒருத்தி. பூச்சட்டிக்கு மருந்து திணிக்கிற ஷெட்டில் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் பிரீத்திகா. அவளை ஆனைக்குட்டத்தில் பெத்தணன் மகன் விக்னேஷ்குமாருக்குப் பேசி, பரிசம் போட்டு, பத்திரிகை அடிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தார்கள். நல்ல குடும்பம், நிலபுலம் உள்ள இடம். செல்லத்தாய்க்கு ஷெட்டிலும் வேனிலும் வாயில் வேறு பேச்சே இல்லை.

அன்றைக்குக் காலையில் போனை நீட்டும்போதே சொன்னாள்.

"அண்ணாச்சி, சிவகாசி அச்சாபீஸ்ல இருந்து பத்திரிகையோட மாதிரி அனுப்புவாகளாம். புது நம்பரா வரும். பொண்ணுக்குத் தாய்மாமன் சிவபாண்டின்னு என் அண்ணன் பேரு இருக்கான்னு மட்டும் பார்த்துருங்க. போன தடவை விட்டுட்டான். மத்தியானத்துக்குள்ள சொல்லலைன்னா அப்படியே அடிச்சிருவாகளாம். அண்ணன் பேரு இல்லாம பத்திரிகை போச்சுன்னா அவன் மணவறைப் பக்கமே வரமாட்டான்."

"பார்த்துருவோம் தாயி. என் பேரையும் ஒரு ஓரத்துல போடச் சொல்லட்டுமா?"

"உங்க பேரு இல்லாமயா? மொய் எழுதுற இடத்துல உங்களைத்தான உட்கார வைக்கப் போறேன்."

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் மினுங்கியது. புது நம்பர். 'திருமண அழைப்பிதழ், குடும்பத்துடன் வருக' என்று எழுதி, கீழே ஒரு கோப்பு. முகூர்த்த மாதத்தில் இந்தச் சிவகாசிச் சீமையில் தினம் எத்தனையோ பேருக்கு அப்படி வரும். சோலைச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூட்டைத் திறந்து அதை அமுக்கினார். பத்திரிகை திறக்கவில்லை. வெளியிலிருந்து வந்த செயலியை ஏற்ற அனுமதிக்கவா என்று கேட்டது. அனுமதித்தார். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கவா என்றது. அதற்கும் அனுமதித்தார். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்றது. அச்சாபீஸ்காரன் இவ்வளவு கேட்கிறானே என்று ஒரு நொடி தயங்கினார். மத்தியானத்துக்குள் பேர் பார்த்தாக வேண்டும். அமுக்கினார். திரை ஒருதரம் கறுத்து, பழையபடி வந்தது. பத்திரிகையைக் காணோம்.

அரை மணி கழித்து இன்னொரு புது நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. மஞ்சள் ஓரம், பிள்ளையார், மணமக்கள் பேர், கீழே தாய்மாமன் சிவபாண்டி. இதுதான் பத்திரிகை. அப்படியானால் முதலில் வந்தது என்ன?

அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே செல்லத்தாயின் போனில் எண்கள் போட்ட ஒரு குறுஞ்செய்தி தலைகாட்டிவிட்டுத் தானாக மறைந்தது. இன்னொன்று வந்தது, அதுவும் மறைந்தது. பிறகு அலமாரியில் ஒரு போன் வெளிச்சம் போட்டது. பக்கத்துக் குழியில் ஒன்று. மேல் வரிசையில் மூன்று. சோலைச்சாமி எட்டிப் பார்த்தார். எல்லாத் திரையிலும் ஒரே வரி: 'செல்லத்தாய் அக்கா: மகள் கல்யாணப் பத்திரிகை, அவசியம் திறந்து பார்க்கவும்.'

சட்டென்று அவள் போனை அணைத்தார். கையில் அது செத்துக் கிடந்தது. அலமாரியில் மட்டும் வெளிச்சம் நிற்கவில்லை. அணைந்த போனிலிருந்து எப்படி வரும்? பேய் பிடித்த வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு. அலமாரியில் இருக்கிற போன்கள் பரவாயில்லை. சாயங்காலம் வரை யாரும் தொடப்போவதில்லை. அலமாரிக்கு வெளியே இருக்கிறவர்கள்? அவளுடைய சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், ஆனைக்குட்டத்துச் சம்பந்தி?

அவர் எழுந்து ஷெட்டை நோக்கி ஓடினார்.

பட்டாசு ஆலைக்குள் யாரும் ஓடுவதில்லை. ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் ஷெட்டுப் பெண்கள் அவரைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு இரண்டு பக்கக் கதவு வழியாகவும் வெளியே பாய்ந்தார்கள். ஒருத்தி படியில் இடறி முழங்காலில் விழுந்தாள். போர்மேன் அய்யப்பன் எங்கிருந்தோ கத்திக்கொண்டு வந்தான்.

"எங்கன? எந்த ஷெட்டு?"

"ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல. போனு..."

"போனா?"

"செல்லத்தாய் போன்ல என்னமோ பூந்துருச்சு. அதுவா எல்லாருக்கும் அனுப்புது. அவளை ஒரு நிமிசம் வெளிய விடு."

அய்யப்பனுக்கு முகம் சிவந்தது. "ஏன் அண்ணாச்சி, மருந்தைக் கையில வச்சிருக்கிற பொம்பளைகளை இப்படிப் பதற விடலாமா? ஒருத்தி கை தவறியிருந்தா என்னத்துக்கு ஆகும்? போனு வெடிக்கலைல்ல? அப்பப் போயி கேட்ல உட்காருங்க. டீக்கு வருவா, அப்பச் சொல்லுங்க."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சோலைச்சாமி மெதுவாக நடந்து திரும்பினார். அலமாரியில் இன்னும் ஒன்றிரண்டு மினுங்கிக்கொண்டிருந்தன. அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் பெத்தணன் நம்பர் இல்லை. செல்லத்தாய் போனைத் திரும்ப உயிர்ப்பித்து எடுக்கலாம் என்றால், அதைத் தொடவே கை கூசியது.

டீ மணி அடித்ததும் செல்லத்தாய் வந்தாள். அவர் சொல்லச் சொல்ல, அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணன் பேரு இருந்துச்சா?" என்றுதான் கேட்டாள். விளங்கியதும் போனைப் பிடுங்கி உயிர்ப்பித்துப் பெத்தணனைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க தங்கச்சி, நூறு ஆயுசு. இப்பத்தான் பத்திரிகையை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். தொறக்க மாட்டேங்குதே."

"அண்ணே, அதை அமுக்காதீக. அது நான் அனுப்பலை."

"நீங்க அனுப்பலையா? உங்க படம் போட்டுத்தான வந்துருக்கு! ரெண்டு மூணு தடவை அமுக்கிட்டேன். என்னென்னமோ கேட்டுச்சு. சம்பந்தி வீட்டுப் பத்திரிகையாச்சேன்னு எல்லாத்துக்கும் சரி குடுத்துட்டேன்."

செல்லத்தாய் டீ குடிக்காமலே ஷெட்டுக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, பெண்கள் போனுக்கு முண்டியடித்தார்கள். ஒவ்வொரு போனையும் கொடுக்கும்போது சோலைச்சாமி தொண்டை வற்றக் கத்தினார். "செல்லத்தாய் பேர்ல பத்திரிகை வந்துருக்கும், தொறக்காதீக, அழிச்சிருங்க!"

"என்ன அண்ணாச்சி, பந்தியில ஆளைக் குறைக்கப் பாக்கீகளா?" என்றாள் ஒருத்தி.

"ஏட்டி, அவரு வேடிக்கை பேசலைடி, நெசமாத்தான்!" என்று செல்லத்தாய் பக்கத்திலிருந்து அலறினாள். நடந்துகொண்டே திரையைத் தட்டியவர்கள் தட்டிக்கொண்டேதான் வேனில் ஏறினார்கள். கூட்டத்தை அடக்கிப் பழகிய கண்டக்டர் குரல் அன்றைக்கு ஹாரனில் கரைந்துபோயிற்று.

ஆலைக்கு எழுதிக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, வேலையை விட்டுவிடுகிறேன் என்றார் சோலைச்சாமி. செல்லத்தாய் விடவில்லை. "உங்க பேரு எதுக்கு இதுல? பூட்டைக் குடுத்தது நான். நீங்க தொறந்தீகன்னு தெரிஞ்சா மொதல்ல உங்களைத்தான் வெளிய தள்ளுவாக. நான் தெரியாம அமுக்கிட்டேன்னு சொல்லிக்கிடுதேன்." அவர் அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தமாகிவிட்டது.

மறுநாள் இருவரும் சிவகாசியில் மணிகண்டராஜ் என்கிற பையனின் போன் கடைக்குப் போனார்கள். அவன் போனைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இது எப்ப வாங்குனது?"

"மகள் காலேசுல படிக்கையில வாங்குனது. அவ புதுசு வாங்கினதும் நான் வச்சுக்கிட்டேன்."

"அதான். போன்ல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் அப்பப்ப அடைச்சு அனுப்புவான். அதுக்குப் பேருதான் அப்டேட். இந்த மாடலுக்கு அவன் அனுப்புறதை நிறுத்தி வருசக்கணக்காச்சு. ஓட்டை புதுசு புதுசாத் தெரியுது, அடைக்க ஆளில்லை. புதுப் போனா இருந்தா இதை ஏத்தவே அவ்வளவு லேசுல விட்டுருக்காது. ரெண்டு மூணு தடவை மிரட்டியிருக்கும்."

"அணைச்ச பொறகும் எப்படித் தம்பி அனுப்புச்சு?" என்றார் சோலைச்சாமி. அவரை முந்தின நாளிலிருந்து குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

"அணைச்சது இந்தப் போனைத்தான? நம்பர் சரிதானான்னு பார்க்க வாட்ஸ்அப் ஒரு குறுஞ்செய்தி அனுப்பும்ல, அதை உள்ள பூந்தது படிச்சு வெளிய குடுத்துருச்சு. அவன் எங்கயோ உட்கார்ந்து, அக்கா வாட்ஸ்அப்பை அவன் போன்ல தொறந்துட்டான். அதுக்கப்புறம் நீங்க இதைக் கிணத்துல போட்டாலும் அது பாட்டுக்கு அனுப்பும்."

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் தர முடியும் என்றான். அழித்துக் கொடுத்தான். வெறுமையாக வந்த போனில் செல்லத்தாய் முதலில் ஏற்றிய பெயர் 'சம்பந்தி அண்ணன்'.

அதற்குள், வங்கிக் குறுஞ்செய்திகளும் அதே மாதிரி களவுபோய், பெத்தணனின் கணக்கு துடைத்தாற்போல் ஆகியிருந்தது. மக்காச்சோளம் விற்றுக் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்திருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தார். விசாரிக்கிறோம் என்றார்கள். அவர் போனிலிருந்தும் பத்திரிகை கிளம்பி ஊர் முழுக்கப் போயிருந்தது. தெருவில் தலைகாட்ட முடியவில்லை. செல்லத்தாய் கூப்பிட்டு அழுதாள். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "உங்க நம்பர்ல இருந்துதான தங்கச்சி வந்துச்சு?" கடைசியில், பத்திரிகை அடிக்கிறதை நிறுத்தி வைப்போம், பிறகு பார்ப்போம் என்றார். இந்தச் சீமையில் 'பிறகு பார்ப்போம்' என்றால் என்ன என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். பிரீத்திகா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சோலைச்சாமி வெள்ளை வேட்டி கட்டி ஆனைக்குட்டத்துக்குப் பஸ் ஏறினார். வேலை போனால் போகட்டும். உண்மையைச் சொல்லிவிட்டால் செல்லத்தாய் மேல் இருக்கிற பழி விலகும், கல்யாணம் நடக்கும். இவ்வளவுதான் அவர் கணக்கு.

பெத்தணன் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வீட்டம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் ஆலையில கேட் பார்க்கிறவன். பேரு சோலைச்சாமி. அன்னைக்கு அந்தப் போனைத் தொறந்து அந்தக் கண்றாவியை அமுக்குனது நான்தான். அந்தத் தாயி மேல ஒரு தப்பும் கிடையாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

பெத்தணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நிதானமான மனுஷன், சத்தம் போடவில்லை.

"போன் பூட்டியிருக்குமே?"

"பூட்டு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"அவகளே சொல்லி வச்சிருந்தாக."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"எம்புட்டு நாளா?"

"அது இருக்கும், ரெண்டு வருசமா. அவக மட்டுமில்ல, இருபது பேரு பூட்டு எனக்குத் தெரியும்." சொல்லி முடிக்கும்போதே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துபோயிற்று.

"இருபது பேரு கதை எனக்கு எதுக்குங்க? நான் பொண்ணெடுக்கப் போறது ஒரு வீட்டுல."

"தப்பா நெனைக்காதீக. பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லைன்னு செய்தி வரும். உள்ள போனைக் கொண்டுபோக முடியாது. அதுக்காகத்தான்..."

"பணம் போனது போச்சு. அதுகூட ஆறிரும். ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தம்மா எங்கிட்ட எம்புட்டுத் தடவை பேசுச்சு? நான் தெரியாம அமுக்கிட்டேன், நான் தெரியாம அமுக்கிட்டேன்னுதான சொல்லுச்சு? போனு இன்னொரு ஆம்பளை கையில இருந்துச்சுன்னு ஏன் ஒரு தடவைகூடச் சொல்லலை?"

அதற்குப் பதில் சோலைச்சாமிக்குத் தெரியும். உங்க வேலை போயிரும் அண்ணாச்சி என்றுதான் அவள் சொல்லாமல் விட்டாள். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள் என்று இந்த முற்றத்தில், இந்த மனுஷனிடம், வீட்டம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கையில் எப்படிச் சொல்வது? தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். அந்த அமைதியே ஒரு பதிலாகிப் போனதைப் பெத்தணன் முகத்தில் பார்த்தார்.

"சரி, வெயிலுக்கு முன்ன கிளம்புங்க" என்றார் பெத்தணன்.

திங்கட்கிழமை காலையில் வேனிலிருந்து முதல் ஆளாகச் செல்லத்தாய் இறங்கினாள். அவர் ஆனைக்குட்டம் போன சேதி எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"போயிச் சொன்னீகளாமே அண்ணாச்சி? நான்தான் வேணாம்னேனே. சரி, என்ன சொன்னாக? நம்புனாகளா?"

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். சோலைச்சாமி அவள் போனை வாங்கி வைத்தார்.

"நம்பிட்டாக தாயி."

அவள் கும்பிட்டுவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு ஷெட்டுக்குள் போனாள். அலமாரி அன்றைக்கு அமைதியாக இருந்தது. பாதிப் பேர் போனை அணைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். டீக்குக் கொஞ்சம் முன்னால் செல்லத்தாய் போன் மினுங்கியது. புதுப் பூட்டு அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் திரையில் முதல் வரி பூட்டைத் திறக்காமலே தெரிந்தது. 'சம்பந்தி அண்ணன்: பரிசச் சேலையைக் குடுத்து விட்ருங்க தங்கச்சி, காரணம்...' அதோடு நின்றது. மிச்சத்தைப் படிக்க அவருக்கு வழியில்லை, தேவையும் இல்லை.

மணி அடித்தது. செல்லத்தாய் வந்து வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தாள். நீளமான செய்தி. இரண்டு தரம் படித்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி பார்த்தாள்.

"நம்பிட்டாகன்னுதான சொன்னீக?"

"ஆமா தாயி. நான் சொன்னதை அம்புட்டையும் நம்பிட்டாக."

டீ முடிந்து பெண்கள் உள்ளே திரும்பினார்கள். ஷெட்டு வாசலில் நின்ற அய்யப்பன் செல்லத்தாயின் கையைப் பார்த்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது. "இந்தக் கையோட மருந்துப் பக்கம் வராதீங்கக்கா. வெளிய உட்காருங்க" என்றான். வீட்டுக்குப் போகலாம் என்றால் ஐந்து மணிக்குத்தான் வேன். அவள் திரும்பி வந்து கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். சோலைச்சாமி நாற்காலியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார். போகிற வருகிற லோடு லாரிக்காரர்கள் இருவரையும் சேர்த்துப் பார்ப்பது தெரிந்ததும், தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை.